ஏ40இன் பின் லைற்: ஒரு சின்ன வரலாறு

பழைய கார் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால், கதை கடைசியில் ஒரு சொல்லில் வந்து நிற்கும்: ஒரிஜினல். ஸ்ரியறிங் ஒரிஜினலா, சீற் ஒரிஜினலா, பின் லைற்றின் சிவப்புக் கண்ணாடி ஒரிஜினலா? அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிற பல்ப்பைக் கழற்றிப்போட்டு எல்ஈடி போடலாமா எண்டு யாராவது கேட்டால் வாக்குவாதம் தொடங்கிவிடும். எழுபது வயசுக் காருக்கு இது மரியாதை இல்லை என்பார்கள் ஒரு பக்கத்தார். பின்னுக்கு வாற பஸ்காரனுக்கு உங்கட ஒரிஜினல் விளங்காது, வெளிச்சம் தான் விளங்கும் என்பார்கள் மற்றப் பக்கத்தார்.

இந்த வாக்குவாதம் இங்கிலாந்திலும் நடக்கிறது, கொழும்பிலும் நடக்கிறது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதிலும் ஏ9 வீதி நடுவால் போகிற சாவகச்சேரி போன்ற ஊரில், அதற்குப் பின்னால் வேறொரு கதை இருக்கிறது. இங்கே பழைய கார்கள் தப்பியது யாரும் ஆசைக்குப் பொத்திப் பொத்தி வைத்ததால் அல்ல. வேற கார் வர வழி இல்லாததால் தப்பின. பல்ப் இல்லாமலும் பற்றரி இல்லாமலும், சில இரவுகளில் லைற் போடப் பயந்தும் ஓடிய கார்கள் அவை. ஆகவே ஒரு ஏ40இன் பின் லைற்றைப் பற்றிக் கதைப்பதெண்டால் குடாநாட்டின் எழுபது வருசத்தையும் கொஞ்சம் கதைக்கத்தான் வேணும்.

வந்து சேர்ந்த கார்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாட்டுக் காசு தேவை. கார் செய்கிற கொம்பனிகளுக்கு உருக்குப் பங்கிட்டுக் கொடுத்த அரசாங்கம், ஏற்றுமதி செய்கிறவர்களுக்கே முதலிடம் கொடுத்தது. அப்படி உலகம் முழுக்கக் கப்பலேறிய கார்களில் ஒன்று ஒஸ்ரின் ஏ40. 1947 இல் டெவன் என்ற பெயரில் வந்தது. 1952 இலிருந்து 1954 வரை உருண்டு திரண்ட உடம்போடு சோமசெற் வந்தது. 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. அதோடு அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பிறகு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைக் கார் தான் இந்தியாவுக்குப் போய் அம்பாசடர் ஆகி 2014 வரை உற்பத்தியில் இருந்தது.

இலங்கைக்கும் இவை நிறைய வந்தன. கொரியப் போரால் றப்பர் விலை ஏறி நாட்டின் கையில் காசு புழங்கிய காலம் அது. குடாநாட்டில் அரசாங்க உத்தியோகக்காரர், மலாயாப் பென்சன்காரர், வைத்தியர்கள், வர்த்தகர்கள் என்று கார் வாங்கக்கூடிய ஒரு தட்டு இருந்தது. இவர்கள் வாங்கிய கார்கள் கொஞ்சக் காலத்தில் கைமாறி ஹயர் கார்களாகி, ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஓடத் தொடங்கின.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இலங்கை முழுவதுமே பழைய பிரித்தானியக் கார்களைத் தட்டிக் கொட்டித்தான் ஓடியது. பழசைத் திருத்திப் பாவிக்கிற பழக்கம் யுத்தத்துக்கு முந்தியே இங்கே வேர்விட்டுவிட்டது.

இந்தக் கார்களின் பின்பக்கத்தை ஒருக்கா கவனித்துப் பாருங்கோ. இரண்டு சின்னச் சிவப்பு வில்லைகள். உள்ளே 5 அல்லது 6 வாட் இரவு லைற், பிறேக் மிதித்தால் 20 வாட்டை ஒட்டிய இன்னொரு இழை. பின்னுக்குச் சிக்னல் லைற் என்று தனியாக ஒன்றும் இல்லை. கதவுத் தூணுக்குள் ஒரு மஞ்சள் கை மடிந்து கிடக்கும். திரும்பும்போது வெளியே நீளும். மாட்டுவண்டியும் சைக்கிளும் மற்ற ஏ40களும் மட்டும் இருந்த றோட்டுக்கு அது காணும்.

பின்பக்கத்து எழுத்து

பின் லைற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரவில் இலக்கத்தகட்டைக் காட்ட வேணும். அதற்கென்றே ஒரு சின்ன பல்ப் இருக்கும். அந்த பல்ப் எதைக் காட்டியது என்பது எங்கட அரசியல் வரலாற்றில் ஒரு அத்தியாயம்.

1957க்கு முந்திப் பதிந்த வாகனங்களின் இலக்கங்கள் ஆங்கில எழுத்தில் தொடங்கும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பிரித்து ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஓடிய வரிசைகள். 1950களின் ஏ40களிலும் மைனர்களிலும் இவற்றை இண்டைக்கும் காணலாம். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1957 தொடக்கம் புது வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. தமிழரசுக் கட்சி அந்த எழுத்தைத் தமிழ் ஸ்ரீயாக மாற்றி எழுதும் போராட்டத்தை நடத்தியது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமானது. அந்த வருச மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரசாங்க பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்புக் கொதித்தது. தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரிலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம்.

ஒரு வாகனத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து. அதைப் பார்க்கவென்று ஒரு சின்ன பல்ப். பழைய கார் சேகரிக்கிறவர்கள் ஈ.வை. தகட்டையும் முதலாம் ஸ்ரீத் தகட்டையும் வயசுக் கணக்குக்காக விரும்புகிறார்கள். எங்களுக்கு அது வயசைக் காட்டிலும் கூடச் சொல்கிறது.

தடைக்காலம்

1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டியலில். கள்ளமாக வந்த கொஞ்சநஞ்சம் பெற்றோலின் விலை சாதாரண ஆளுக்கு எட்டாது.

இந்த இடத்தில்தான் பழைய கார்கள் திரும்ப உயிர்த்தன. காரணம் தொழில்நுட்பம். ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதம் 7க்கு 1 ஐ ஒட்டியது. 1980களின் ஜப்பான் கார்களில் அது 9க்குக் கிட்ட. மண்ணெண்ணெய் தரம் குறைந்த எரிபொருள். அமுக்கம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முந்திப் பற்றி எஞ்சினை அடித்து உடைக்கும். அமுக்கம் குறைந்த ஏ40 அதைச் சகித்துக்கொண்டது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். வெள்ளைப் புகை, மணம், பிளக்கில் கரி, எஞ்சின் ஒயிலோடு மண்ணெண்ணெய் கலந்து ஒயில் தண்ணியாகிப்போவது என்று அதன் விலையும் இருந்தது. ஆனாலும் கார் ஓடியது. பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் புகைதான்.

வெளிச்சத்தின் கதை இன்னும் கடினம். வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு: போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. றேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுத்துவார். டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர்கள் கேட்பார்கள். இப்படியான ஊரில் ஒரு காருக்கு நல்ல பற்றரி கிடைப்பது பெரிய விசயம். சோர்ந்த பற்றரி ஸ்ரார்ட்டர் மோட்டாரைச் சுத்தாது. ஆனால் கொயிலுக்குத் தேவையான சின்ன மின்சாரத்தைத் தரும். ஏ40 முன்பக்கத்தில் ஹாண்டில் போட ஓட்டை இருந்தது பெரிய உதவி: ஒருவர் கையால் சுத்த, அந்தச் சோர்ந்த பற்றரியோடே எஞ்சின் பிடிக்கும். ஓடத் தொடங்கினால் டைனமோ பார்த்துக்கொள்ளும்.

பல்ப் பியூஸ் ஆனால்? எங்கையாவது கழற்றியது கிடைத்தால் பூட்டுவது; மோட்டார் சைக்கிள் பல்ப் பொருந்தினால் அதைப் பூட்டுவது; ஒன்றும் இல்லாட்டிப் பின்பக்கம் இருட்டாகவே ஓடுவது. ஹோல்டர் துருப்பிடித்தால் வயரை நேராகப் பல்ப்பில் பற்றவைத்துவிடுவது. இண்டைக்கு ஒரு பழைய காரின் பின் லைற்றைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து விதமான வயரும் மூன்று விதமான முடிச்சும் காணலாம். அதைத் திருத்தல் வேலை என்றும் சொல்லலாம், ஆவணம் என்றும் சொல்லலாம்.

இதே காலத்தில் இலங்கைத்தீவின் மற்றப் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேணும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்பவர், தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து மைனருக்கான உடற்பாகங்களைச் செய்வித்தார். 1990களில் இலங்கையில் அடித்த தகரம் இங்கிலாந்து மைனர்களுக்குப் போய்ப் பூட்டப்பட்டது. ஒரே நாடு, ஒரு பக்கத்தில் மைனர் பாகம் ஏற்றுமதி, மறுபக்கத்தில் மைனருக்கு ஒரு பல்ப் கொண்டுபோகத் தடை.

வெளிச்சம் ஆபத்தான இரவுகள்

தடைக்காலத்தில் வெளிச்சம் கிடைக்காதது ஒரு பிரச்சினை. கிடைத்த வெளிச்சத்தைக் காட்ட முடியாதது மற்றப் பிரச்சினை. வானத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஓரங்கட்டுவது அந்தக் காலத்து ஓட்டுநர்களிடம் நீங்கள் கேட்கக்கூடிய சாதாரணக் கதை. சாவகச்சேரிக்கு ஹெலி என்றால் என்ன எண்டு அதற்கு முந்தியே தெரியும். 1987 ஒக்ரோபர் 27 அன்று இந்திய இராணுவத்தின் ஹெலிகள் சாவகச்சேரிச் சந்தையைத் தாக்கிப் பொதுமக்களைக் கொன்றன.

ஆனையிறவுப் பாதை மூடியிருந்த 1990களின் முன்பாதியில் குடாநாட்டை விட்டு வெளியேற இருந்த வழி கிளாலிக் கடல்நீரேரி. தென்மராட்சியைத் தாண்டிக் கிளாலிக்கரைக்கு வந்து, இருட்டில் வள்ளம் ஏற வேணும். லைற் தெரிந்தால் கடற்படை காணும். 1993 ஜனவரி 2 அன்று அந்தக் கடலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். வெளிச்சம் போடாமல் போவது எங்களுக்கு ஒரு காலம் உயிர்தப்பும் விதியாக இருந்தது என்பதை, இண்டைக்கு "ஏன் இந்த ஆக்கள் பின் லைற் இல்லாமல் ஓடீனம்" எண்டு எரிச்சற்படும்போது ஒருக்கா நினைக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கப் புறப்பட்டது. மழை. செம்மணியும் நாவற்குழிப் பாலமும் தாண்டி லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்குள் வந்தது. நடையும் சைக்கிளும் ட்ரக்ரரும் லான்ட்மாஸ்ரரும் பழைய கார்களும் ஒரே றோட்டில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. சாவகச்சேரி ஒரு சின்னப் பட்டினம். அது திடீரென்று குடாநாட்டின் தலைநகர் ஆனது. 1996 ஏப்ரிலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கையில் வந்தது. 2000 ஏப்ரிலில் ஆனையிறவு விழுந்த பிறகு சண்டை சாவகச்சேரிக்கே வந்தது. சனம் இடம்பெயர்ந்தது, பட்டினம் இடிந்து தரைமட்டமானது. வீட்டோடு எத்தனை கராச்சுகளும் எத்தனை கார்களும் அங்கே போயின என்பதற்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

றோட்டுத் திறந்த பிறகு

2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 திறந்தது. புது ரயர், புது பற்றரி, புது பல்ப் வந்தன. அதோடு கார் வாங்குகிறவர்களும் வந்தார்கள். தெற்கில் அருகிப்போன ஒஸ்ரினும் மொறிசும் குடாநாட்டில் இன்னும் ஓடுகின்றன என்பது சேகரிப்பாளர்களுக்குப் புதையல் செய்தி. 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடப்பட்டது. 2009க்குப் பிறகு திரும்பத் திறந்தது. இதற்கிடையில் பல கார்கள் குடாநாட்டை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியவை சில ஹயர் கார்த் தரிப்பிடங்களிலும், கலியாணங்களிலும், வீட்டு முற்றத்து மாமரங்களுக்குக் கீழும் நிற்கின்றன. 2013 இல் சுன்னாகம் தேசிய மின்வலையமைப்போடு திரும்ப இணைந்தது. இருட்டுக்காலம் அதிகாரபூர்வமாக முடிந்தது எண்டு சொல்லலாம்.

கியூபாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை வந்த பிறகு ஹவானாவில் 1950களின் அமெரிக்கக் கார்களே ஓடின. இண்டைக்கு அவை உல்லாசப் பயணிகள் காசு கொடுத்து ஏறும் அடையாளங்கள். எங்கட ஏ40களின் கதையும் அதே அளவு பெரிசு. அதைப் படமாக்கியவர்களும் எழுதியவர்களும் தான் குறைவு.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரி வரை நீடித்தது. 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. அந்த வருச ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக ஏறியது. தீவு முழுக்க அந்தச் சில மாதங்களில் பட்டது, குடாநாடு வருசக்கணக்கில் பட்டதன் ஒரு துண்டு. பழைய வாகனத்தைத் திருத்தி ஓடுகிற கைவேலைக்கு நாடு முழுக்கத் திரும்ப மதிப்பு வந்தது.

ஆனால் றோட்டு மாறிவிட்டது. ஏ9 இப்ப காப்பெற் போட்ட வீதி. நகரத்துக்கு வெளியே காரின் வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இரவில் கொழும்பு பஸ்கள் அதற்குள் நிற்பதில்லை. கொடிகாமத்துக்கும் நாவற்குழிக்கும் இடையில் அந்த வேகத்தில் வருகிறவருக்கு முன்னால், 6 வாட் பல்ப் இரண்டோடு, அதுவும் ஒன்று மங்கலாக, ஒரு சோமசெற் மணிக்கு 40இல் போகிறது. 1952 இல் காணுமாக இருந்த வெளிச்சம் இப்ப காணாது. உள்ளே இருப்பது காரை நேசிக்கிற ஒருவரும், பெரும்பாலும் அவரின் குடும்பமும்.

சிவப்பு டயோட்

எல்ஈடி எங்களுக்குப் புதிது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதற்கும் அறுபது தாண்டிவிட்டது. 1962 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ற்றிக் ஆய்வுகூடத்தில் நிக் ஹொலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோட்டைச் செய்தார். நீல நிற டயோட்டுக்கு மேலும் முப்பது வருசம் போனது. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு. அதிலிருந்துதான் வீட்டு வெள்ளை எல்ஈடி வந்தது. ஆனால் காரின் பின்பக்கத்துக்குத் தேவையானது சிவப்பு. அது முதலே தயாராக இருந்தது. 1986 இல் அமெரிக்கா கார்களின் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிறேக் லைற்றைக் கட்டாயமாக்கியபோது, நிசான் 300இசட்எக்ஸ் காரில் அதை எல்ஈடிகளால் செய்தார்கள். 2000 இல் கடிலாக் டிவில் கார் பின் லைற் முழுவதையும் எல்ஈடியில் கொண்டுவந்தது.

பிறேக்குக்கு எல்ஈடி ஏன் நல்லது? இழை பல்ப் சூடேறினால்தான் ஒளிரும். முழு வெளிச்சம் வர ஏறத்தாழ ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு போகும். எல்ஈடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 70 கிலோமீற்றரில் வருகிற பஸ் அந்த ஐந்தில் ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ 4 மீற்றர் ஓடும். ஒரு ஏ40இன் முழு நீளம் அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் டைனமோ. அந்தக் காலத்து லூக்காஸ் டைனமோ நல்ல வேகத்தில் ஏறத்தாழ 20 அம்பியர் தரும். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. இரவில் சாவகச்சேரி ரயில் கடவையில் படலை திறக்கும்வரை நிற்கிறீர்கள், பிறேக்கில் கால். பிறேக் பல்ப் இரண்டும் 42 வாட், பின்பக்க இரவு லைற்றும் தகட்டு லைற்றும் 15 வாட், ஒரு பக்கச் சிக்னல் போட்டால் முன்னும் பின்னும் இன்னொரு 42 வாட். ஹெட்லைற்றைச் சேர்க்காமலே 8 அம்பியர் பற்றரியிலிருந்து போகிறது. இவற்றை எல்ஈடியாக மாத்தினால் அது ஒன்றிரண்டு அம்பியருக்குள் வந்துவிடும். பிறகு ஹெட்லைற் மங்காது. எழுபது வருச வயரும் சூடேறாது. பழைய சிவப்பு வில்லையும் பல்ப் சூட்டில் வெடிக்காது.

மாத்துறதெண்டால் எப்பிடி

கடையில் ஒரு எல்ஈடி பல்ப் வாங்கிச் செருகினால் வேலை முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஏ40 ஒரு பாடம் வைத்திருக்கிறது.

முதல் பாடம் எர்த். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் பொசிற்றிவ் எர்த்: பற்றரியின் பொசிற்றிவ் முனை தான் உடம்போடு பொருத்தப்பட்டிருக்கும். 1960களின் பிற்பகுதி வரை இது இருந்தது. இழை பல்ப்புக்கு எந்தப் பக்கத்தால் மின்சாரம் வந்தாலும் ஒன்றுதான். டயோட் ஒரு பக்கத்தால் மட்டும்தான் விடும். இண்டைய கார்களுக்குச் செய்த எல்ஈடி பொசிற்றிவ் எர்த் காரில் எரியாது. பொசிற்றிவ் எர்த்துக்கென்று செய்ததை வாங்க வேணும், அல்லது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துவதை வாங்க வேணும். உங்கட காருக்கு யாராவது ஆல்ற்றனேற்றர் பூட்டியிருந்தால் ஏற்கனவே நெகற்றிவ் எர்த்துக்கு மாத்தியிருப்பார்கள். எது என்று முதலில் பற்றரியைப் பாருங்கோ.

இரண்டாவது, மங்கல் எல்லாம் பல்ப்பின் பிழை அல்ல. கடல்நீரேரிக் காற்று உப்புக் காற்று. ஹோல்டரும் அது உடம்பைத் தொடுகிற இடமும் துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் தவிக்கும். பிறேக் மிதித்தால் இரவு லைற் அணையும், சிக்னல் போட்டால் பிறேக் லைற் மின்னும். இப்படிப்பட்ட காரில் எல்ஈடி போட்டாலும் பேய் மாதிரித்தான் எரியும். முதலில் துருவைச் சுரண்டிப்போட்டு, ஒவ்வொரு லைற்றிலிருந்தும் தனி எர்த் வயர் ஒன்றை உடம்புக்கு இழுங்கோ. பல பேருக்கு அதிலேயே அரைவாசிப் பிரச்சினை முடியும்.

மூன்றாவது, நிறம். சிவப்பு வில்லைக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடி போடுகிறவர்கள் அதிகம். வெள்ளை எல்ஈடியின் ஒளியில் நீலம் கூட, சிவப்புக் குறைவு. சிவப்பு வில்லை மிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும். சிவப்புக்குப் பின்னால் சிவப்பு, மஞ்சளுக்குப் பின்னால் மஞ்சள். தகட்டுக்கு மட்டும் வெள்ளை.

நான்காவது, வித்தியாசம். இரவு லைற்றுக்கும் பிறேக்குக்கும் ஒரே பல்ப்பில் இரண்டு இழை இருந்தது. 5 வாட்டும் 21 வாட்டும். அந்த வித்தியாசம் தான் பின்னுக்கு வாறவருக்குச் செய்தி. மலிவான எல்ஈடிகள் சிலவற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம். அது பழைய பல்ப்பைவிட ஆபத்து. பூட்டிய பிறகு ஒருவரைப் பிறேக் மிதிக்கவிட்டு, 50 மீற்றர் தள்ளி நின்று இரவிலும் நடுப்பகலிலும் பாருங்கோ. ஒளி முன்னுக்கு மட்டும் அடிக்காமல், பக்கங்களாலும் அடித்து உள்ளிருக்கிற பிரதிபலிப்பானை நிரப்புகிற பல்ப் நல்லது.

ஐந்தாவது, சிக்னல். மஞ்சள் கை இருந்த கார்களுக்குப் பிறகு மின்னும் சிக்னல் பூட்டியிருப்பார்கள். பழைய பிளாஷர் பெட்டிக்குள் ஒரு கம்பி சூடாகி நீண்டு குளிர்ந்து சுருங்கித்தான் மின்னலைத் தரும். எல்ஈடி இழுக்கும் மின்சாரம் அந்தக் கம்பியைச் சூடாக்கக் காணாது. சிக்னல் எரிந்தபடியே நிற்கும், அல்லது எரியாது. எல்ஈடிக்குரிய எலெக்ற்றோனிக் பிளாஷர் போட வேணும். அதிலும் எர்த் பக்கத்தைக் கவனிக்க வேணும். றெசிஸ்டர் பூட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். அது மிச்சம்பிடித்த மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும் வேலை.

கடைசியாக, கூடப்போடாதேங்கோ. நீலம், ஊதா, கண் கூசும் மின்னல் எல்லாம் வேண்டாம். 2025 ஜனவரியில் 'கிளீன் சிறிலங்கா' என்று பொலிஸ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொல்லி இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். பின்னுக்குச் சிவப்பு என்பது நல்ல காரணத்தோடு வந்த விதி.

எது ஒரிஜினல்?

இனி முதல் வாக்குவாதத்துக்கு வருவம். பேர்மிங்ஹாமில் இருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஒரு காரை வைத்திருப்பது ஒரு விதமான ஒரிஜினல். கொழும்புக் கண்காட்சிகளில் அதற்குப் பரிசு கிடைக்கும். ஆனால் குடாநாட்டில் ஓடிய ஒரு ஏ40 அப்படி இருந்ததே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடியது, மோட்டார் சைக்கிள் பல்ப்பில் ஓடியது, கிடைத்த வயரில் ஓடியது. கையில் இருப்பதை வைத்து வண்டியை றோட்டில் நிறுத்தியது தான் அதன் வரலாறு. அந்தக் கணக்கில் இண்டைக்குக் கையில் இருப்பது எல்ஈடி. 1992 இல் ஒரு மெக்கானிக்கிடம் நல்ல வெளிச்சம் தருகிற, பற்றரியைத் தின்னாத பல்ப் ஒன்றைக் கொடுத்திருந்தால் அவர் ஒரிஜினலா எண்டு கேட்டிருக்க மாட்டார்.

அதற்காக எல்லாவற்றையும் மாத்தச் சொல்லவில்லை. சிவப்பு வில்லையை மாத்தாதேங்கோ. உலோக வளையத்தை மாத்தாதேங்கோ. மஞ்சள் கை இருந்தால் அது அங்கேயே மடிந்து கிடக்கட்டும். ஈ.வை. தகடோ ஸ்ரீத் தகடோ இருந்தால் அதைத் தொடாதேங்கோ. பல்ப் மட்டும் மாறட்டும். எப்ப வேணுமெண்டாலும் பழையதைத் திரும்பப் போடலாம். கழற்றுகிற வயரையும் ஹோல்டரையும் குப்பையில் எறிய முந்தி ஒரு படம் எடுங்கோ. எந்த வருசம் யார் என்ன முடிச்சுப் போட்டார் என்பது வீட்டில் வயசுபோனவர்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டு எழுதிவையுங்கோ. தடைக்காலத்தில் கார் திருத்தியவர்களுக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. அவர்களின் கைவேலை எந்த நூலகத்திலும் இல்லை.

கார் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்ரர்ப் பெட்டிகள் பின் லைற் இல்லாமல் ஏ9இல் ஏறுகின்றன. ரியூசன் முடிந்து வாற பிள்ளைகளின் சைக்கிள்களிலும் பின்னுக்கு ஒன்றும் இல்லை. ஏ40இன் பின்பக்கத்துக்குப் போடுகிற அதே சிவப்பு எல்ஈடி அவற்றுக்கும் காணும். விலையும் பெரிதில்லை. அதைப் பூட்டிவிட ஒரு பின்னேரம் போதும்.